நல்ல பாடு

எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பலகையும் கிடையாது, பாயும் கிடையாது. சிமெண்டுத் தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்காருவோம். முன்னால் ஆளுக்கொரு அலுமினியத் தட்டு, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அன்றைக்கு மத்தியானம் பிலோமியின் தட்டுக்கும் எங்கள் அறைக்காரிகளின் எட்டுத் தட்டுக்கும் நடுவில் மூன்று ஆள் உட்காரும் அளவுக்குத் தரை காலியாகக் கிடந்தது.

பிலோமி தலை நிமிரவில்லை. ரசச்சோற்றைப் பிசைந்தாள், பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்ததை நான் பார்க்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவள் நான். ஒன்றரை வருடமாக அந்த இடம் என்னுடையது. அன்றைக்கு நான் வரிசையின் மறுகோடிக்குப் போய், தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது. இன்றைக்கும் அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு வெட்கம் வருகிறது.

இந்த வாரப் பத்தியில் வேறு எதையோ எழுதுவதாக இருந்தேன். அதற்குள் ஒரு தாயின் கடிதம் வந்துவிட்டது. விடுதியில் படிக்கும் மகள் ஊருக்கு வந்து அழுகிறாளாம். தோழிகள் சேர்ந்து ஒருத்தியை ஒதுக்குகிறார்களாம், இவளும் ஒதுக்காவிட்டால் இவளையும் ஒதுக்கிவிடுவார்களாம். ‘உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேட்கிறார்.

நேர்ந்தது அம்மா. செய்ததைச் சொல்கிறேன். மார்தட்டிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

சுண்டுவிரல் சட்டம்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. கமுதிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்து பெண்கள் விடுதியில் சேர்த்திருந்தார் எங்கள் அய்யா. கூடவே ஒரு தகரப்பெட்டி, ஒரு சமுக்காளம், என்னுடைய பெயர். முத்துராக்கு என்ற பெயரை விடுதி முதல் நாளே ராக்கு என்று வெட்டிவிட்டது.

காய் விடுவதும் பழம் விடுவதும் எல்லாரும் சின்ன வயதில் செய்ததுதான். சுண்டுவிரலைக் காட்டினால் காய், இனி உன்னோடு பேச்சில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம், சண்டை தீர்ந்தது. எதிராளி தன் இரண்டு விரலால் அதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பழம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் நானும் என் மாமன் மகளும் ஒரு பலப்பக்குச்சிக்காகக் காய் விட்டு, மறுநாளே பழம் விட்டிருக்கிறோம். அதே ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு வரப்புக்காகப் பதினைந்து வருடம் பேசாமல் இருந்தார்கள். எதிரெதிர் வீடு. ஒருவர் வாசலுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். பெரியவர்களுக்கு இரண்டு விரல் நீட்டக் கூச்சம், வேறென்ன.

விடுதியில் இந்த விளையாட்டுக்கு ஒரு சட்டம் சேர்ந்திருந்தது. அதற்குப் பெயர் கூட்டுக்காய். ஒருத்தி காய் விட்டால் அறை முழுக்க விட வேண்டும். யாராவது அவளோடு பேசினால் பேசியவளுக்கும் காய். காரணத்தையும் சொல்லக்கூடாது, ஏனென்றால் காரணம் சொல்வதும் பேச்சுத்தானே! இந்தச் சட்டத்தை யார் இயற்றினார்களோ தெரியவில்லை. அவர்கள் மட்டும் வக்கீலாகியிருந்தால் நாடு தாங்கியிருக்காது.

வத்தல் மரமும் கருவாடும்

பிலோமினா தங்கச்சிமடத்துப் பெண். அப்பா கடலில் போனவர், திரும்பவில்லை. அண்ணன் சவரிமுத்து வத்தைப் படகில் மீன்பிடிக்கப் போவான், அம்மா கருவாடு காயப்போடுவாள். அவர்கள் தெருவில் எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்த முதல் பெண் இவள்தான். அந்த அம்மா தன் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் அவள் நோட்டை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், பக்கம் பக்கமாகத் தடவிப் பார்ப்பாள்.

எனக்குக் கடல் தெரியாது, அவளுக்கு எங்கள் மிளகாய்க்காடு தெரியாது. “ஏடி ராக்கு, வத்தல் மரத்துலயா காய்க்குது?” என்று கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள், “கடல் தண்ணிய ஆரு உப்புப் போட்டுக் கலக்குறது?” என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். குணத்தில் அவ்வளவு வித்தியாசம் எங்களுக்குள்.

மாதம் ஒருமுறை சவரிமுத்து அண்ணன் ரயிலேறி வருவான். ஞாயிற்றுக்கிழமைதான் வருவான், அன்றைக்கு அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். தங்கைக்கு வறுத்த கருவாடு கொண்டுவருவான். அதில் பாதி எனக்கு. காகிதத்தில் மடித்து என் பெட்டிமேல் வைத்துவிடுவாள்.

இருக்கிற பாடு

எங்கள் அறைக்குத் தலைவி மங்கை. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவளே ஆகிவிட்டாள். நல்ல உயரம், நல்ல குரல், கணக்கில் புலி. எங்கள் பக்கத்துப் பெண்தான், அவள் அய்யாவும் மிளகாய் வெள்ளாமைக்காரர்.

பங்குனியில் ஒரு ஞாயிறு அவள் அய்யா வந்திருந்தார். பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருப்பதாகவும், இந்தத் தடவை நாலு காசு கையில் நிற்கும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெளிச்சம். புறப்படும்போது வழியனுப்ப நாங்களும் வாசல் வரை போனோம். அப்போது பிலோமி கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்.

“போயிட்டு வாங்கய்யா. ஒங்களுக்கு நல்ல பாடு கெடைக்கட்டும்!”

எங்கள் பக்கத்தில் பாடு என்றால் கஷ்டம். படாத பாடு படுகிறோம் என்போமே, அந்தப் பாடு. மங்கையின் அய்யா ஒரு நொடி திகைத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஏன்த்தா, இருக்கிற பாடு பத்தாதா?” என்று சிரித்தார். பிலோமியும் சிரித்தாள். அவர் ஒன்றை நினைத்துச் சிரித்தார், அவள் வேறொன்றை நினைத்துச் சிரித்தாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கோடை மழை. எங்களுக்குக் குஷி, முற்றத்தில் நனைந்து ஆடினோம். அதற்கு இரண்டு நாள் கழித்து மங்கைக்கு ஒரு கார்டு வந்தது. களத்தில் கிடந்த வத்தல் முழுக்க நனைந்து, வெளுத்து, சோடையாகிவிட்டது.

மங்கை அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிலோமி குழாயடிக்குப் போயிருந்தாள். வெகுநேரம் கழித்து மங்கை எங்கள் பக்கம் திரும்பினாள்.

“அவ வாயி வச்சதுதான்டி. கரிநாக்குக்காரி. நல்ல பாடு கெடைக்கட்டும்னு எங்கய்யா மூஞ்சிக்கு நேரா சொன்னால்ல? கெடைச்சிருச்சு. நான் காய். நீங்க?”

ஒவ்வொரு சுண்டுவிரலாக எழுந்தது. ஏழாவதாக என் முறை வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிலோமி அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. சுண்டுவிரல்தான் வந்தது.

பேச்சுக்கு மட்டும் காய்

முதல் நாள் பிலோமி ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். “நான் என்னா செஞ்சேன்?” பதில் கிடையாது. சட்டம் அப்படி. இரண்டாம் நாள் என்னை மட்டும் கேட்டாள். நான் பெட்டிக்குள் தலையை விட்டு இல்லாத ஒன்றைத் தேடினேன். மூன்றாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வார்டன் டீச்சருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, “இப்பவே பேசுங்க” என்று உத்தரவு போட்டார். நாங்கள் எட்டுப் பேரும் பாடம் ஒப்பிப்பதுபோல், “சாப்பிட்டாச்சா பிலோமினா?” என்று ஒரே குரலில் கேட்டோம். அவர் திருப்தியாகப் போய்விட்டார். அன்றைக்குத்தான் பிலோமி முதல் தடவையாக அழுதாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதக் கை கூசுகிறது. அந்த நாட்களிலும் என் பெட்டிமேல் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. மிச்சமிருந்ததில் என் பாதியை அவள் வைத்திருந்தாள். நான் அதைத் தின்றேன். பேச்சுக்குத்தான் காய், கருவாட்டுக்கு இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முள்ளைக்கூட விடாமல் தின்றேன்.

பாடே இல்லையென்றால்

அடுத்த ஞாயிறு சவரிமுத்து அண்ணன் வந்தான். அவன் வரவேண்டிய வாரம் இல்லை அது. தங்கையோடு வேப்பமரத்தடியில் பேசிவிட்டு, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

“தங்கச்சி, இவ பரீட்ச எழுதாம வீட்டுக்கு வாரேங்கிறா. கடுதாசி போட்டிருந்தா. அம்மா நாலு நாளா சரியா சாப்புடல. என்னா நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாதுண்ணே” என்றேன்.

அவன் நம்பிவிட்டான். அதுதான் பொறுக்கவில்லை எனக்கு.

“இன்னைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்றா. ஒரு வாரம் பல்லக் கடிச்சுட்டு இருன்னு சொல்லியிருக்கேன். வார ஞாயித்துக்கெழம வருவேன். அப்பவும் வாரேன்னா கூட்டிட்டுப் போறதுதான்.” பெருமூச்சு விட்டான். “வீட்டுலயும் செரமந்தான். ரெண்டு வாரமா பாடே இல்லாமக் கெடந்தோம்.”

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். “பாடு இல்லேனா நல்லதுதானண்ணே?”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டான். “பாடு இல்லேனா அடுப்பு எப்படித்தா எரியும்? பாடுன்னா மீன்பாடு. வலையில விழுறது. நேத்துத்தான் மாதா புண்ணியத்துல நல்ல பாடு, வல நெறயச் சூட மீனு.”

அவன் போன பிறகும் நான் வேப்பமரத்தடியிலேயே நின்றேன். காலுக்கடியில் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. நல்ல பாடு கிடைக்கட்டும். கடலுக்குப் போகிறவனைப் பார்த்து அவர்கள் தெருவே சொல்லும் வாழ்த்து அது. தன் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சொன்னதைத்தான் அவள் மங்கையின் அய்யாவுக்கும் சொல்லியிருக்கிறாள். அதற்கு நாங்கள் கொடுத்தது சுண்டுவிரல்.

துவைகல்லில்

எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருக்கலாம். திங்களும் செவ்வாயும் அதற்குத்தான் முயன்றேன். தொண்டையைச் செருமுவேன், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், “தாகமா இருக்கு” என்று எழுந்து போய்விடுவேன். அந்த இரண்டு நாளில் நான் குடித்த தண்ணீர் ஒரு குடம் இருக்கும்.

புதன்கிழமை காலையில் மங்கை துவைகல்லில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லில் போய் நின்றேன். சபையில் அவளைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று நினைத்தேன். சபையைக் கண்டால் எனக்குப் பயம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சவரிமுத்து அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். மங்கை ஒரே பாவாடையைத் திரும்பத் திரும்பக் கும்மிக்கொண்டிருந்தாள்.

“அப்ப மழ?” என்றாள் கடைசியில்.

“மழ மழதான்டி. அதுக்குப் பிலோமி என்னா செய்வா?”

அவள் பாவாடையைப் போட்டுவிட்டுக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “வார வருசம் ஒன்னைய அனுப்ப முடியுமா பாப்போம்னு அய்யா எழுதியிருக்காக. எனக்கு யார் மேலயாச்சும் கோவப்படணும்போல இருந்துச்சு ராக்கு. வானத்து மேல கோவப்பட்டு என்னா செய்ய?”

ஒன்றரை வருடத்தில் மங்கை அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. என் பாவாடை நுனியை அவளிடம் நீட்டினேன், அவளுடையது ஈரமாக இருந்ததால்.

“இப்ப நான் வலியப் போயிப் பேசுனா, இவளுக என்னைய என்னா நெனப்பாளுக? நாந்தான ஆரம்பிச்சேன்?”

எங்களையெல்லாம் ஆட்டிவைத்தவளுக்கும் எங்களைக் கண்டு பயமா! அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. சட்டத்தைக் கையில் வைத்திருந்தவளே சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒன்னும் சொல்ல வேணாம். ஒரு கேள்வி மட்டும் கேளு” என்றேன். “ஒங்க ஊர்ல பாடுன்னா என்னானு கேளு.”

ஒரு கேள்வி

அன்று மத்தியானம் தட்டுகள் நிறைந்து, கூடம் அடங்கிய நேரத்தில் மங்கை அந்தக் காலித் தரையைப் பார்த்து உரக்கக் கேட்டாள். “பிலோமி, ஒங்க ஊர்ல பாடுன்னா என்னா?”

பத்து நாளாக யாரும் அழைக்காத பெயர். பிலோமி நிமிர்ந்து, தன்னைத்தானா என்று சுற்றிலும் பார்த்தாள்.

“பாடுன்னா… வலையில விழுற மீனு. கடலுக்குப் போறவுகளுக்கு, நல்ல பாடு கெடைக்கட்டும்னு சொல்லித்தான் அனுப்புவோம். ஏன்?”

“எங்க ஊர்ல பாடுன்னா கஷ்டம்டி.”

பிலோமிக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் எச்சில் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, மாதாவே! ஒங்கய்யாவுக்கா நான் அப்படிச் சொல்லுவேன்?”

மங்கை எழுந்து தட்டோடு போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேள்வியோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. “கேக்காமக் கொள்ளாம நானே ஒன்னு நெனச்சுக்கிட்டேன். தப்பு என் பேருலதான்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி இரண்டு விரலை நீட்டினாள். பிலோமி தொட்டாள். மற்றவர்களும் ஓடிப்போய் நீட்டினார்கள், ஒவ்வொன்றாகத் தொட்டாள். நானும் நீட்டினேன்.

என் விரலை அவள் தொடவில்லை.

சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது தனியாகக் கேட்டாள். “மங்கைக்குக் கோவம், காய் விட்டா. மத்தவளுக அவளுக்காக விட்டாளுக. ஒனக்கு என்னா இருந்துச்சு ராக்கு?”

“பயம்” என்றேன்.

“பயமா இருந்தா என்னா? பயந்துக்கிட்டே பேசியிருக்கலாம்ல?”

துணியை மடித்துக்கொண்டு போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. கடிதம் எழுதிய தாயே, உங்கள் மகளிடம் சொல்ல என்னிடம் இருப்பது பிலோமியின் இந்த ஒரு வாக்கியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணனை அவள் தனியாகவே திருப்பி அனுப்பினாள். எல்லாரோடும் பேசினாள், சிரித்தாள், என்னிடமும் கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் பொட்டலம் என் பெட்டிமேல் வரவில்லை. பாடு என்ற சொல்லும் அவள் வாயிலிருந்து அதற்குப்பின் வரவே இல்லை. சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டு, “நல்லா எழுதுங்கடி” என்று மாற்றிச் சொல்வாள். அவள் தெருவின் வாழ்த்தையே நாங்கள் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

பொன்னுவின் கஞ்சி

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் பறித்தது யார் என்று வார்டன் டீச்சர் கேட்டபோது, எங்கள் அறையிலேயே சின்னவளான பொன்னுத்தாயி, உப்பூர்க்காரி, உண்மையைச் சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் முட்டி போடும் தண்டனை. மறுநாள் காலையில் பொன்னுவின் தட்டைச் சுற்றித் தரை காலியாகிவிட்டது. இந்தத் தடவை ஆரம்பித்தது மங்கை இல்லை. யாரென்றே தெரியவில்லை, தானாக நடந்துவிட்டது.

எழுந்தேன். கேப்பைக்கஞ்சித் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த ஏழெட்டு எட்டு வைப்பதற்குள் தட்டு விளிம்பில் வழிந்த கஞ்சி முழங்கை வரைக்கும் வந்துவிட்டது.

“பொன்னு, தொவையல் வேணுமா?” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“வேணும்க்கா” என்றாள் அவள், அழுதுகொண்டே.

“இவளுக்கும் கூட்டுக்காய்தான்” என்று யாரோ முனகினார்கள்.

“விட்டுக்கங்க. மாங்கா நானும்தான் பறிச்சேன், முட்டியும் போட்டேன். பொன்னு மேல கோவம் இருந்தா அவகிட்டயே சொல்லுங்க. பேசாம இருந்தா அவளுக்கு எப்படித் தெரியும்?” இதையெல்லாம் வீராவேசமாகச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். பாதி கஞ்சிக்குள் போய்விட்டது.

மங்கை துவையல் கிண்ணத்தைத் தரையோடு எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள். “ஏ பொன்னு, அடுத்த தடவ எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிச் சொல்லு” என்றாள். பொன்னு தலையாட்டினாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் நிமிர்ந்து பிலோமியைப் பார்த்தேன். அவள் தன் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

கணக்குப் பரீட்சை

கணக்குப் பரீட்சை அன்று பெட்டியைத் திறக்கப் போனேன். மேலே ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, வாசனையே சொல்லிவிட்டது.

திரும்பினேன். பிலோமி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு விரலை நீட்டினாள். ஓடிப்போய்த் தொட்டேன். தொட்ட விரலை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு ஒரு முறை திறந்து மூடியது. எதை விழுங்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“சொல்லுடி” என்றேன்.

“நல்ல பாடு கெடைக்கட்டும்” என்றாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது மங்கையும் வந்துவிட்டாள். அவள் அய்யா எப்படியோ சமாளித்திருந்தார். வாசலில் பிலோமியைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு, “தாயி, இந்த வருசமும் மொளகாதான் நடப்போறேன். அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லிட்டுப் போ” என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

அன்றைக்குத்தான் மார்க் தெரிந்தது. கணக்கில் எனக்கு முப்பத்தெட்டு. நான் காகிதத்தை மடித்து மறைப்பதற்குள் பிலோமி எட்டிப் பார்த்துவிட்டாள்.

“பாடு கொஞ்சம் கம்மிதான்டி” என்றாள்.